தினம் நூறு கிலோமீட்டர்

முதலில் வந்தது ஒரு முனகல். வெளியிலிருந்து வரவில்லை. மண்டை ஓட்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே படுத்துக் கிடப்பது போல, ஏற்றமில்லை, இறக்கமில்லை, நொர்ர்ர்ரென்று ஒரே சீராக. கண்ணை மூடிக்கொண்டு சென்னியப்பன் அதன் பின்னாலேயே போனான். கரகரப்பு வருகிறதா, இல்லை. எங்காவது இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்கிறதா, இல்லை. எதுவும் அழவில்லை. நூல் மில்லில் அப்படித்தான் சொல்வார்கள். பேரிங் தேய்ந்துபோச்சு என்று யாரும் சொல்வதில்லை, அழுவுது என்பார்கள். நூல் நூற்கிற பிரேமுக்கு ஆயிரம் ஸ்பிண்டில், அத்தனையும் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சலில் அழுகிற ஒற்றை ஸ்பிண்டிலை இப்படித்தான் இருபத்தாறு வருஷமாக அவன் பிடித்திருக்கிறான், திருப்புளியின் முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தி. இந்த எஞ்சினில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதான் தொல்லை. கண்ணைத் திறந்தபோது பத்தரை மணி வெயில் வெள்ளைக் காரின் கூரையில் பட்டு நேராக முகத்தில் அடித்தது. எதிரே சிராஜுதீன் பாய் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பழைய கார்களை வாங்கி விற்கிறவர். அரவக்குறிச்சி பைபாஸில் தகரப் பந்தலுக்குக் கீழே எட்டு வண்டிகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், அவ்வளவுதான் அவருடைய கடை. "என்னண்ணா, டாக்டரு என்ன சொல்றாரு? பொழைக்குமா?" என்றார். "நாலு மாசமா வர்றீங்க. மத்த எடத்துல பொண்ணு வீட்டுக்காரன் இழுத்தடிப்பான். இங்க தட்டு மாத்த நாங்க தயாரா இருக்கோம், மாப்பிள்ளைதான் ஜாதகத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு." சென்னியப்பன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, உதடு நின்ற பிறகு சிரித்தான். சரியான இடத்தில் சிரித்துவிட்டதாகத்தான் தோன்றியது.

வண்டி நன்றாக இருந்தால் வீட்டுக்குப் போயாக வேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதை இப்படி நேராக நினைக்காமல் நாலு மாசம் சுற்றி வந்துவிட்டான். பதினோரு வருஷமாக வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்கு எதிரே ஒரு ஒற்றை அறையில் இருக்கிறான். மனைவி சாரதாமணி கரூரில், பசுபதிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது, அவன் மில்லை விட்டுவிட்டுப் போக முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை விடியுமுன் திரும்புவான். நைட் ஷிப்டு, அரை நைட்டு, மாறி மாறி வருகிற முறை, இதில் தினமும் எங்கே போய் வருவது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பிட்டராக இருந்த அவனைச் சித்திரையில் மெயின்டெனன்ஸ் மேஸ்திரியாகப் போட்டு ஜெனரல் ஷிப்டு கொடுத்தார்கள், எட்டிலிருந்து ஐந்து. மில்லில் எல்லோரும் கை கொடுத்தார்கள். சாரதாமணி போனில் சிரித்தாள், அவள் சிரித்தது மட்டும் கேட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமை சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இனி என்னத்துக்குங்க அந்த ரூமு? ஐம்பது கிலோமீட்டரு ஒரு தூரமா? நல்லதா ஒரு காரு வாங்கிக்குங்க. காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துருங்க. போக அம்பது வர அம்பது, உக்காந்துட்டுத்தானே வர்றீங்க." அவள் அவனுக்கு நேராக நின்று சொன்னதால் முழுவதும் கேட்டது. கேட்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டு, சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே வைதுகொண்டு, மோரை ஊற்றிப் பிசைந்தான்.

கார் பார்ப்பது அவனுக்குப் பிடித்துப்போனதும் நிஜம். எதையும் யாரிடமும் படிக்காமல் தானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். மீட்டர் பொய் சொல்லும், கிளட்ச் பெடலின் ரப்பர் பொய் சொல்லாது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டுகிற வண்டியில் ரப்பரின் கோடு அழிந்திருந்தால் அது ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி. கதவோரத்து ரப்பரை விரலால் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு பெயின்ட் தெரியும், எங்கோ மோதியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் சேற்றின் கறை இருக்கும், அது வெள்ளத்தில் நின்றது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தான். முதல் வண்டி வாடகைக்கு ஓடியது, சீட்டு பள்ளம் விழுந்து கிடந்தது, குனிந்து குனிந்து பிரேம் பார்த்த இடுப்புக்கு அது ஆகாது. இரண்டாவதில் கிளட்ச் கனம். மூன்றாவதில் ஏசி போட்டால் ஏதோ வாடை. நாலாவது நன்றாகத்தான் இருந்தது, டயர் நாலும் நாலு வருஷத்துது என்று தள்ளினான். டயர் மாற்றிக்கொள்ளலாமே என்று மில்லில் ஒருவன் கேட்டான். "அதுல என்னமோ மனசு ஒப்பல" என்றான். ஒவ்வொரு வண்டியும் கழியும்போது அன்றைக்கு ராத்திரி அறையில் அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது. அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தான். இப்போது இது ஐந்தாவது, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பெட்ரோல் வண்டி, ஏழு வருஷம், ஒரே கை, கரூர்ப் பல் டாக்டரம்மா ஒருத்தர் ஓட்டியது. பெடல் ரப்பரில் கோடு அப்படியே இருந்தது. பெல்ட் சுத்தம். மூடி சுத்தம். "ஏறுங்கண்ணா, பாதி தூரம் கரூர்ப் பக்கமா போய்ட்டுத் திரும்பிரலாம்" என்று பாய் சாவியைக் கையில் வைத்தார்.

உட்கார்ந்ததும் சீட்டு அவனை வாங்கிக்கொண்டது. இடுப்புக்குக் கீழே சரியாக எங்கே தாங்க வேண்டுமோ அங்கே ஒரு உள்ளங்கை வந்து தாங்கியது. ஐயோ, நன்றாக இருக்கிறதே. சர்வீஸ் ரோட்டில் இறங்கி நாலு வழிச் சாலையில் ஏறியபோது பாய் அவன் தோளைத் தொட்டு, பெல்ட்டைக் காட்டினார். வண்டி கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், பெல்ட் போடு, பெல்ட் போடு என்று. அந்த மாதிரி சன்னமான சத்தங்கள் எல்லாம் அவனை விட்டுப் போய்விட்டன. லாரி கேட்கும். இடி கேட்கும். ஆண்கள் தொண்டையிலிருந்து பேசினால் கேட்கும். குக்கர் விசில், குருவி, போன் மணி, பெண்கள் பேசுகிற குரல், இவை எல்லாம் ஒரு பெரிய பஞ்சு மூட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. மில் இரைச்சல் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள் மில்லில், அடைத்துக்கொண்டால் ஸ்பிண்டில் அழுவது எப்படிக் கேட்கும், பிட்டருக்குக் காதுதானே கண் என்று அடைக்காமல் விட்டவன் அவன். மூன்று வருஷம் இருக்கும். முதலில் அறையின் மின்விசிறி ஓசை நின்றுபோனது, ரிப்பேர் ஆகிவிட்டதாக்கும் என்று நிமிர்ந்து பார்த்தான், சுற்றிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மில்லில் சொன்னால் பிட்டர் வேலை இல்லை. வீட்டில் சொன்னால், வீட்டில் சொன்னால் என்ன, அதைத்தான் அவனால் நினைத்து முடிக்க முடிவதில்லை, அந்த இடம் வந்ததும் நினைப்பு நூல் அறுந்த மாதிரி அறுந்து வேறெங்கோ ஒட்டிக்கொள்கிறது. எண்பதில் போகும்போது ஸ்டியரிங் ஆடவில்லை. பாய் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், இடதுபக்கம் இருப்பவரின் உதட்டை ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது. "ம்" என்றான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ஒரு "ம்".

ஞாயிற்றுக்கிழமை என்றால் மறைத்துவிடலாம். ஒரு நாள், அதிலும் பாதித் தூக்கம். நைட் பார்த்த ஆளு, தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எழுந்தால் கறி எடுத்து வருவான், டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வான், மிக்ஸி ஓடுகிற அடுப்படியிலேயே போய் நிற்பான், எல்லோருக்கும் கேட்காத இடத்தில் அவனுக்கும் கேட்கவில்லை என்பது தெரியாது. உதட்டைப் பார்த்தே பாதி பிடிப்பான். மீதிக்குச் சிரிப்பு இருக்கிறது, தலையாட்டல் இருக்கிறது, "ம்" இருக்கிறது. ஒரு நாளைக்கு இது போதும். ஏழு நாளைக்கு எங்கே போவது? அதிலும் மகள் இலக்கியா. பன்னிரண்டாவது படிக்கிறாள், பூனை நடக்கிற மாதிரி பேசுகிறவள், குனிந்துகொண்டு போனைப் பார்த்தபடியே பேசுவாள். ஆடி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை, அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம், இருட்டுப் பிரியவில்லை, அவளாகவே எழுந்து வாசல் கேட்வரை வந்தாள். என்றைக்கும் வராதவள். ஏதோ கேட்டாள். கேள்வி என்பது முகத்தின் சாய்வில் தெரிந்தது. "செரி கண்ணு" என்று சிரித்துக்கொண்டே தலையைத் தடவினான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன கேட்டிருப்பாள்? பஸ்ஸில் கேட்டுக்கொண்டான். ஷிப்டு முழுவதும் கேட்டுக்கொண்டான். காசு ஏதாவது கேட்டிருந்தால் சரி என்றதற்குச் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்பா, நான் எங்காவது ஹாஸ்டலுக்குப் போயிரட்டுமா என்று கேட்டிருந்தால்? அப்பா, உங்களுக்கு எங்ககூட இருக்கப் புடிக்கலியா என்று கேட்டிருந்தால்? அதற்குமா சிரித்துக்கொண்டு சரி என்றான்? அவளிடமே கேட்டுவிடலாம், என்ன கண்ணு அன்னைக்குக் கேட்ட என்று. கேட்டால் அன்றைக்குக் கேட்கவில்லை என்று ஆகும். அன்றைக்குக் கேட்கவில்லை என்றால் அதற்கு முந்தியும் கேட்கவில்லை என்று ஆகும். ஒரு நூலை இழுத்தால் கட்டு மொத்தமும் பிரிந்துவிடும். அப்படியே விட்டான். அதன் பிறகு அவள் வாசல்வரை வரவில்லை.

எதிரே ஒரு மேம்பாலத்தின் அடியில் திரும்ப வேண்டும். டிரெய்லர் ஒன்று குறுக்கே நின்று ஒடித்து ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது, நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. அவனும் நிறுத்தினான், நியூட்ரலில் போட்டான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, ஏசியின் காற்று முழங்காலில் சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது. கார் அப்படியே அடங்கிப்போனது. மில்லில் சத்தம் நின்றால் கரண்டு போய்விட்டது என்று அர்த்தம், உடம்பு முழுக்க முழித்துக்கொள்ளும், நூல் அத்தனையும் அறுந்திருக்கும், ஓட வேண்டும். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் அது, மனசைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆப் ஆயிருச்சா? எஞ்சின் ஆப் ஆகிவிட்டது. கிளட்சை ஒழுங்காக மிதிக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் வண்டி நிற்கிறது. முன்னால் வரிசை நகர்கிறது. கண்ணெதிரே டேஷ்போர்டில் எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் எண்ணூறில் நின்றுகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்து எந்தப் பிட்டர் மெஷினை அறிந்தான்? சாவியை முறுக்கினான். கையில் ஒரு உதறல் ஏறியது, பல்சக்கரத்தின் பல்லும் பல்லும் அரைபடுகிற உதறல், ஸ்டியரிங் வழியாகத் தோள்வரை வந்தது. பாய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணா! ஓடிட்டுத்தானே இருக்குது வண்டி! ஓடற வண்டிய எதுக்குண்ணா ஸ்டார்ட் பண்றீங்க?"

முகத்தில் ரத்தம் ஏறியது தெரிந்தது. நாலு மாசமாக அடுத்தவன் வண்டிகளின் ரப்பரைப் பிரித்து ஒளித்து வைத்ததையெல்லாம் கண்டுபிடித்தவன். ஏதாவது சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டி பாய், பழக்கமில்லை, சத்தமே இல்லையே என்று சொன்னால் போதும், அது பாதி நிஜமும்கூட. வாயைத் திறந்தான். பாய் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார், முன்னைவிட மெதுவாக, சொல் சொல்லாக, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சந்தையில் கூப்பிடுகிற குரலில்: "முதல் கியரப் போடுங்கண்ணா. திரும்பினதும் ஓரங்கட்டுங்க. ஒண்ணும் ஆகல. நம்ம பெரியப்பா மவனும் தறிலதான் இருந்தான். அவங்கிட்டப் பேசணும்னா இப்படித்தான்." அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை சாவியை முறுக்கியதில் அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, குரலை மட்டும் ஒரு படி ஏற்றிக்கொண்டார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. இந்த ஏற்றிய குரலுக்குத்தானே அவன் மூன்று வருஷமாகப் பயந்தான். செவிடன்கிட்டப் பேசற குரல். அது இப்போது காருக்குள் நிறைந்து, ஒவ்வொரு சொல்லும் முழுசாக, முனை மழுங்காமல் வந்து விழுந்தது. எத்தனை நாள் ஆயிற்று ஒருவர் சொன்னதை மொத்தமாகக் கேட்டு. திருப்பி, புளியம்பட்டிப் பிரிவைத் தாண்டி, மண் ஓரத்தில் இறக்கி நிறுத்தினான். "பாய், வர்ற வழியில என்னமோ சொல்லிட்டு வந்தீங்களே" என்றான். "அதுல எனக்கு ஒண்ணும் கேக்கல." பாய் சிரித்தார். "நல்லவேளை. எங்க வீட்டுச் சண்டையச் சொல்லிட்டு வந்தேன். பொண்டாட்டி பேசறது அத்தனையும் கேக்குதுண்ணா எனக்கு, வேணும்னா கொஞ்சம் வாங்கிக்கறீங்களா?" என்றார். பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டு, "கண்ணாடி மூணையும் பாத்து ஓட்டறீங்க, அது போதும். ஆனா ஒருக்கா காதக் காட்டிருங்க. வண்டிக்கு மட்டும் சர்வீஸ் பாத்தா எப்படி?" என்று இறங்கி, டயரை உதைத்துப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போனார்.

சட்டைப் பையில் போன் துடித்தது. மணியை அவன் நம்புவதில்லை, துடிப்பில்தான் வைத்திருப்பான். சாரதாமணி. இந்த நேரத்துக்கு அவள் கூப்பிட்டால் வழக்கமாக எடுத்து, சிக்னல் இல்லை, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுவான். பிறகு அவள் எழுதி அனுப்புவாள். எழுத்து சௌகரியம், எழுத்துக்கு உதடு வேண்டாம். காரைவிட்டு இறங்கி, கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி காதில் வைத்தான். "வண்டி பாத்தாச்சுங்களா? இதையும் நொட்டை சொல்லிட்டு வந்துராதீங்க" என்பது வந்தது, பழகின வாக்கியம் என்பதால் வந்தது. "நல்லாருக்கு. சீட்டு நல்லாருக்கு, எஞ்சினு நல்லாருக்கு" என்றான். அவள் அதற்கு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அது பஞ்சு மூட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு நூலிழை அசைவதுபோல் அசைந்து நின்றது. தொண்டையில் "ம்" ஏறி வந்து உட்கார்ந்தது. அதை விழுங்கினான். ஒரு சிமென்ட் லாரி சாலையை அதிர வைத்துக்கொண்டு போனது, அது போய் முடியும்வரை காத்திருந்தான்.

"சாரதா, நீ இப்பச் சொன்னது எனக்குக் கேக்கல."

"சிக்னல் இல்லீங்களா?"

"சிக்னல் இருக்குது. காதுதான். போன்ல மட்டுமில்ல, நேர்லயும் நீ பேசறதுல பாதிதான் கேக்குது எனக்கு."

ஒன்றும் வரவில்லை. பேசாமல் இருக்கிறாளா, பேசிக்கொண்டிருப்பது இவனுக்கு வரவில்லையா, அதைக்கூட அவனால் பிரிக்க முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மறுபடியும் வைத்தான்.

"எத்தன நாளாங்க?" இப்போது குரல் ஏறியிருந்தது.

"மூணு வருசம் இருக்கும்."

"ஞாயித்துக்கெழமைலயுமா?"

"ஞாயித்துக்கெழமைலயுந்தான்."

"நான் என்னென்னமோ சொன்னனேங்க உங்ககிட்ட. லைட்ட அமத்திட்டுப் படுத்துக்கிட்டு, மனசுல கெடக்கறதெல்லாம். நீங்களும் ம், ம்னீங்களே. அதுல எதெது கேட்டுச்சு, எதெது கேக்கல?"

விளக்கை அணைத்த பிறகு அவனுக்கு எதுவுமே கேட்டதில்லை. இருட்டில் உதடு கிடையாது. அவள் புரண்டு அவன் பக்கம் திரும்புவதும், மூச்சு தோளில் சூடாகப் படுவதும், அந்தச் சூடு விட்டு விட்டு வருவதால் பேசுகிறாள் என்று அறிந்து, விடுகிற இடங்களில் எல்லாம் "ம்" வைத்ததும்தான் அவனுக்குத் தெரியும். கேட்டதைச் சொல்லலாம். கேட்காததை எப்படிச் சொல்வது, அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று எவன் கண்டான். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடைய குரலோடு எங்கோ போய்க் கிடக்கின்றன. அவளுக்கு அவன் பக்கத்தில்தான் படுத்திருந்தான். அவள் தனியாகத்தான் பேசியிருக்கிறாள். இதை அவன் ஒருநாளும் அந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை, தான் தனியாக இருப்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"தெரியல சாரதா" என்றான். "இருட்டுல சொன்னது எதுவும் கேக்கல."

பாய் வண்டியைச் சுற்றி வந்து, புருவத்தை உயர்த்தி, எடுத்துக்கறீங்களா என்று கையால் கேட்டார். "எடுத்துக்கறேன் பாய்" என்று சென்னியப்பன் வாய்விட்டுச் சொன்னான், தேவைக்கு மேலேயே சத்தமாக. தன் குரல் எவ்வளவு இருக்கிறது என்பதும் அவனுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

அப்போது போனுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது, பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல். அதில் கோபம் இருந்ததா அழுகை இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை, சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தன. "இன்னைக்குச் சமையலுக்கு ஆயா வரலீங்க. நூத்திப் பத்து முட்டை, நாந்தான் உரிக்கோணும், ஆறுச்சுன்னா ஓடு ஒட்டிக்கும். போனை வெச்சறாதீங்க. இப்படியே இருங்க."

"வெக்கல" என்றான்.

அவள் போனை அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்திருப்பாள். வைத்த சத்தம் வரவில்லை. பிறகு வந்ததும் ஒன்றுமில்லை, திரையில் நொடிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அவன் "ம்" சொல்லவில்லை. சூடாகிப்போன கார்க் கதவில் சாய்ந்து, போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றான். அங்கே அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த முட்டையை எடுத்துக் குண்டான் விளிம்பில் தட்டி, ஓட்டை உரிக்க ஆரம்பித்திருப்பாள்.